பிரித்தானியாவின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் யார்? பெயரைச் சொல்லும் முன் அளவுகோலைச் சொல்வோம்

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் அன்று பகல் சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லோரும் முன் விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வாக்குவாதம் தொடங்கியது. அரசியல் அல்ல, பிறை விவகாரமும் அல்ல. பிரித்தானியா இதுவரை உருவாக்கிய குத்துச்சண்டை வீரர்களுள் மிகச் சிறந்தவர் யார் என்பதுதான் விடயம்.

லெஸ்டரில் பிறந்து வளர்ந்த என் தங்கையின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் தயக்கமே இல்லாமல் ஜோ கல்சாகி என்றான். "46 போட்டி, 46 வெற்றி. இதுக்கு மேல என்ன வேணும் மாமா?" எண்பது வயதைத் தாண்டிய என் வாப்பா சிரித்துவிட்டு ஹென்றி கூப்பரின் பெயரைச் சொன்னார். "முஹம்மத் அலியையே கீழே விழுத்தின மனிசன்" என்பது அவருடைய வாதம். தொண்ணூறுகளில் இளைஞனாக இருந்த நான் வேறு யாரைச் சொல்வேன்? நசீம் ஹமீத் என்றேன்.

வாப்பா விடவில்லை. "நசீம் யெமன்காரர்தானே? அந்த லெனொக்ஸ் லூயிஸ் கனடாக்காரர். இவங்களை எல்லாம் எப்படி பிரித்தானியர் என்று சொல்றது?" என்றார். மருமகனின் முகம் சற்று மாறியது. "அப்ப நான் யாரு?" என்று கேட்டான். விறாந்தையில் இருந்த ஒருவரிடமும் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. தேநீர் வந்தது, பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

அன்று முடிக்காமல் விட்ட பேச்சை முடிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முகத்தில் தாக்குவது பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நானும் அறிவேன். தொழில்முறைக் குத்துச்சண்டை கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். இந்த விளையாட்டு பலருடைய உடலையும் மூளையையும் பாதித்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பிரித்தானியர் கொண்டுவந்த இந்த விளையாட்டு நமக்கு அந்நியமானதும் அல்ல. 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இலங்கையரான பார்னி ஹென்றிகஸ் ஒரு குத்துச்சண்டை வீரர். நம் சமூகத்தின் கல்வித் தலைவரான டி.பி. ஜாயாவின் பெயரில் பாடசாலைகளுக்கிடையே கேடயம் வழங்கப்படுவதும் இந்த விளையாட்டுக்குத்தான்.

எங்கள் வீட்டு வாக்குவாதத்தை இப்போது யோசித்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் மூவரும் மூன்று பெயர்களைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை. மூன்று வெவ்வேறு அளவுகோல்களை வைத்துக்கொண்டு பேசினோம். மருமகன் தோல்வியின்மையை அளந்தான். வாப்பா ஒரு மறக்க முடியாத இரவை அளந்தார். நான், உண்மையைச் சொன்னால், என் சொந்தப் பாசத்தை அளந்தேன். இந்த அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

தோல்வியே காணாதவர்தான் சிறந்தவரா?

வேல்ஸைச் சேர்ந்த ஜோ கல்சாகி 1997 இல் கிறிஸ் யூபாங்கை வென்று உலகப் பட்டம் பெற்றார். 2008 இல் கடைசிப் போட்டியில் ஆடி முடிக்கும்வரை யாரிடமும் தோற்கவில்லை. 2006 இல் ஜெஃப் லேசியையும் 2007 இல் மிக்கேல் கெஸ்லரையும் அவர் வென்ற விதம் யாராலும் குறை சொல்ல முடியாதது. ஆனால் பட்டம் பெற்ற பின் பல வருடங்கள் அவர் பெரும்பாலும் பிரித்தானியாவிலேயே, பெரிய பெயரில்லாதவர்களுடன் மோதினார். அமெரிக்காவுக்குச் சென்று பேர்னாட் ஹொப்கின்ஸையும் ரோய் ஜோன்ஸையும் வென்றது 2008 இல். அப்போது ஹொப்கின்ஸுக்கு 43 வயது, ஜோன்ஸுக்கு 39.

இதற்கு நேரெதிராக லெனொக்ஸ் லூயிஸை எடுப்போம். அவருடைய கணக்கு 41 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை. 1994 இல் ஒலிவர் மக்கோலும், 2001 இல் தென்னாபிரிக்காவில் ஹசீம் ரஹ்மானும் அவரை ஒரே குத்தில் வீழ்த்தினார்கள். இரண்டு பேரையும் அவர் மீண்டும் சந்தித்தார், இரண்டு பேரையும் வென்றார். 1999 மார்ச்சில் இவான்டர் ஹோலிஃபீல்டுடனான போட்டி சமநிலை என்று தீர்ப்பானபோது பார்த்தவர்கள் பலர் அதை அநியாயம் என்றார்கள். அதே வருடம் நவம்பரில் மறுபடி மோதி வென்று, ஹெவிவெயிட் பிரிவின் முழுமையான உலக சம்பியனானார். 2002 இல் மைக் டைசனை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். அவர் ஓய்வு பெற்றபோது, அவருடன் கோதாவில் நின்றவர்களில் அவரால் வெல்லப்படாதவர் என்று எவரும் இருக்கவில்லை.

இரண்டு தோல்விகள் இருப்பதால் லூயிஸ் கல்சாகிக்குக் கீழே போய்விடுவாரா? என்னால் அப்படிச் சொல்ல முடியாது. எத்தனை முறை விழுந்தார் என்பதோடு, யாருக்கு முன்னால் விழுந்தார், எழுந்து வந்து என்ன செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பூச்சியத்தைப் பாதுகாப்பதும் பெருமைக்குரியதே. ஆனால் அந்தப் பூச்சியம் எந்த எதிராளிகளைக் கொண்டு கட்டப்பட்டது என்று கேட்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஓர் இரவா, பல வருடங்களா?

வாப்பாவின் ஹென்றி கூப்பர் விடயத்துக்கு வருவோம். 1963 ஜூன் 18 அன்று வெம்பிளி மைதானத்தில் நான்காவது சுற்றின் இறுதியில் கூப்பரின் இடது கைக் குத்தில் கசியஸ் கிளே விழுந்தார் என்பது உண்மை. முஹம்மத் அலி என்ற பெயரை அவர் அறிவித்தது அடுத்த வருடம்தான். கிழிந்த கையுறையைக் காட்டி கிளேயின் பயிற்சியாளர் பல நிமிடங்களை வாங்கிக்கொண்டார் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டது. பதிவான படத்தைப் பார்த்தால், வழமையான இடைவேளையைவிடச் சில செக்கன்களே கூடியிருக்கிறது. அடுத்த சுற்றில் கூப்பரின் கண்ணருகே ஏற்பட்ட காயத்தால் போட்டி நிறுத்தப்பட்டது. 1966 இல் இலண்டன் ஹைபரியில் மறுபடி மோதியபோதும் அதே கதைதான்.

கூப்பர் பிரித்தானிய மக்களின் செல்லப் பிள்ளை. தேசிய மட்டத்தில் வழங்கப்படும் லொன்ஸ்டேல் பட்டியை மூன்று முறை சொந்தமாக்கிய ஒரே வீரர். ஆனால் உலகப் பட்டம் அவர் கைக்கு வரவே இல்லை. மக்களின் அன்பு பெரிய விடயம். ஆயினும் அன்புக்குரியவர் என்பதும் சிறந்தவர் என்பதும் ஒன்றல்ல.

ஓர் இரவை வைத்தே அளப்பதென்றால் அந்த இடத்துக்கு உரியவர் ரண்டொல்ஃப் டர்பின். 1951 ஜூலை 10 அன்று இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் அவர் சுகர் ரே ரொபின்சனை 15 சுற்றுகளில் புள்ளிகள் அடிப்படையில் வென்றார். அதுவரை சுமார் 130 போட்டிகளில் ஒரே ஒரு முறை மட்டும் தோற்றிருந்த ரொபின்சனை, எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்று கருதுபவர்கள் இன்றும் ஏராளம். ரொபின்சன் ஐரோப்பா முழுவதும் போட்டியிட்டுக் களைத்திருந்தார் என்று சொல்லலாம். இருந்தாலும் அன்று டர்பின் ஆடிய ஆட்டம் அவருடையது. 64 நாட்கள் கழித்து நியூயோர்க்கில் ரொபின்சன் பட்டத்தைத் திருப்பிப் பெற்றுக்கொண்டார். டர்பினுக்கு அந்த உயரம் மறுபடி கிடைக்கவில்லை. உழைத்த பணம் கரைந்தது, வரிக் கடன் கழுத்தை நெரித்தது. 1966 இல், 37 ஆவது வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

வீட்டிலா, வெளியிலா?

சொந்த மண்ணில் ஆடுவது ஒன்று, எதிராளியின் ஊருக்குப் போய் வெல்வது வேறொன்று. எடின்பரோவைச் சேர்ந்த கென் புகெனன் 1970 செப்டெம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், கொளுத்தும் வெயிலில், பனாமாவின் இஸ்மாயில் லகூனாவை 15 சுற்றுகளில் வென்று லைட்வெயிட் உலக சம்பியனானார். சர்வதேச நிர்வாக அமைப்புகளுக்கிடையிலான இழுபறியால் அந்தப் பட்டத்தை அவருடைய சொந்த நாட்டுச் சபையே முதலில் அங்கீகரிக்கவில்லை. 1972 இல் நியூயோர்க் மெடிசன் ஸ்குயார் கார்டனில் ரொபர்டோ டுரானிடம் பட்டத்தை இழந்தார். 13 ஆவது சுற்று முடிந்து மணி அடித்த பிறகு இடுப்புக்குக் கீழே விழுந்த அடியால் அவர் சுருண்டு விழுந்தார். மத்தியஸ்தரோ டுரானுக்கே வெற்றியைக் கொடுத்தார். அதன் பிறகு டுரானுடன் இன்னொரு வாய்ப்பு அவருக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை.

இந்த அளவுகோலில் எல்லோருக்கும் முன்னால் நிற்பவர் பொப் ஃபிட்ஸ்சிமன்ஸ். 1863 இல் இங்கிலாந்தின் கோர்ன்வோலில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய், கொல்லன் பட்டறையில் உரமேறிய கைகள் அவருடையவை. 1891 இல் அமெரிக்காவில் மிடில்வெயிட் பட்டத்தை வென்றார். 1897 இல் நெவாடாவில், தன்னைவிடக் கனமான ஜிம் கோர்பெட்டை நெஞ்சுக்கூட்டின் கீழே குத்தி, 14 ஆவது சுற்றில் வீழ்த்தி ஹெவிவெயிட் சம்பியனானார். 1903 இல், 40 வயதில், லைட் ஹெவிவெயிட் பட்டத்தையும் எடுத்தார். மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற முதல் மனிதர் இவரே.

நூறு இறாத்தல் மனிதர்

காலங்களை ஒப்பிடுவது இன்னும் சிக்கலானது. அன்றைய வீரர்கள் 20 சுற்றுகள் ஆடினார்கள். மாதத்துக்குப் பல முறை கோதாவில் இறங்கினார்கள். இன்றைய சம்பியன் வருடத்துக்கு இரண்டு முறை ஆடினாலே அதிகம்.

பழைய காலத்தவர்களில் என்னை மிகவும் வியக்க வைப்பவர் வேல்ஸின் ஜிமி வைல்ட். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சந்தைத் திடல்களில் கூடாரம் அடித்து, வந்தவன் போனவனோடெல்லாம் மோதிப் பழகியவர். ஃப்ளைவெயிட் பிரிவின் எல்லை 112 இறாத்தல். வைல்ட் அந்த எல்லையை எட்டவே இல்லை, 100 இறாத்தலை அண்மித்த உடம்பு அவருக்கு. அந்த உடம்போடு, தன்னைவிடப் பெரியவர்களை வரிசையாக நொக்-அவுட் செய்தார். பதிவான வெற்றிகள் 130 க்கும் மேல், அவற்றில் நூறுக்குச் சற்றுக் குறைவானவை நொக்-அவுட் வெற்றிகள். 1916 இல் அப்பிரிவின் முதலாவது உலக சம்பியனானார். முதல் தோல்வியைக் காண்பதற்கு முன் தொண்ணூறுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஆடியிருந்தார். அந்தத் தோல்வியைக் கொடுத்த டான்சி லீயை அடுத்த வருடமே வென்று கணக்கைத் தீர்த்தார். இரண்டு வருடங்களுக்கு மேல் கோதாவில் இறங்காமல் இருந்துவிட்டு, 1923 இல் நியூயோர்க்கில் பிலிப்பைன்ஸின் பஞ்சோ வில்லாவிடம் தோற்றதோடு அவர் விலகிக்கொண்டார்.

யார் பிரித்தானியர்?

இனி மருமகனின் கேள்விக்கு வருகிறேன்.

பிரித்தானியக் குத்துச்சண்டையின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், அது பெரும்பாலும் ஏழைகளின் வரலாறு. அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் வேறிடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். 18 ஆம் நூற்றாண்டில் இந்த விளையாட்டை வெறும் பலத்திலிருந்து நுட்பத்துக்கு மாற்றியவர்களில் ஒருவர் டானியல் மென்டோசா, இலண்டன் கிழக்கின் யூதர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் வெல்டர்வெயிட் பட்டத்தை வென்று, அமெரிக்காவின் ஜக் பிரிட்டனுடன் 20 முறை மோதிய டெட் 'கிட்' லூயிஸும் அதே பகுதியின் யூத குடும்பத்துப் பிள்ளைதான். கார்டிஃபின் ஜிம் டிரிஸ்கோல் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். 1909 இல் நியூயோர்க்கில் உலக சம்பியன் ஏப் அட்டெலை அவர் திணறடித்தார். பத்திரிகையாளர்கள் அவரே வென்றார் என்று எழுதினார்கள். நொக்-அவுட் இல்லாததால் பட்டம் கைமாறவில்லை. மறுபோட்டிக்கு நின்றிருக்கலாம். ஆனால் ஊரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கு நிதி சேர்க்கும் நிகழ்ச்சிக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் கப்பலேறிவிட்டார். உலகப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. கல்சாகியின் தந்தை இத்தாலியர். டர்பினின் தந்தை பிரித்தானிய கயானாவிலிருந்து வந்து, முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட்டவர்.

இவர்களில் எல்லோருக்கும் கதவு ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. 1911 முதல் 1948 வரை பிரித்தானிய சம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடுபவர் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 1911 இல் அமெரிக்கக் கறுப்பின சம்பியன் ஜக் ஜோன்சன் இலண்டனில் பில்லி வெல்ஸுடன் மோதவிருந்த போட்டியை, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் நிறுத்தினார். ஒரு கறுப்பர் வெள்ளையரை எல்லோர் முன்னிலையிலும் வீழ்த்தினால், பேரரசின் கீழுள்ள மக்களுக்குத் துணிச்சல் வந்துவிடும் என்ற பயம் அன்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. இலங்கையும் அந்தப் பேரரசின் கீழ்தான் இருந்தது. அந்தப் பயம் நம் முன்னோர்களைப் பற்றிய பயமும்தான்.

இந்த நிபந்தனைக்குப் பலியானவர் லென் ஜோன்சன். மன்செஸ்டரில் பிறந்தவர். தந்தை சியராலியோன்காரர். 1927 இல் லென் ஹார்வியை வென்றார். அந்த ஹார்வி பிற்காலத்தில் மூன்று எடைப் பிரிவுகளில் பிரித்தானிய சம்பியனானார். அவரையே வென்ற ஜோன்சனுக்கோ ஒரு முறைகூட அந்தப் பட்டத்துக்குப் போட்டியிடும் உரிமை கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய போராட்டம் ஓயவில்லை. 1953 இல் தான் பிறந்த நகரில் ஒரு மதுச்சாலை நிறத்தைக் காரணம் காட்டி அவருக்குப் பரிமாற மறுத்தபோது, மக்களைத் திரட்டி நின்று அந்தத் தடையை நீக்க வைத்தார்.

1948 இல் நிபந்தனை நீங்கியது. அதே வருடம் ரண்டொல்ஃபின் அண்ணன் டிக் டர்பின் பிரித்தானிய மிடில்வெயிட் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவரானார். மூன்று வருடங்கள் கழித்துத் தம்பி ரொபின்சனை வென்றார். கதவைத் திறந்தவுடன் உள்ளே வந்தவர்கள் செய்ததைப் பாருங்கள். அதற்கு முந்திய 37 வருடங்களில் வெளியே நின்றவர்கள் என்னவெல்லாம் செய்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? "பழைய காலத்துச் சிறந்தவர்கள்" என்று நாம் போடும் எந்தப் பட்டியலிலும் இந்த ஓட்டை இருக்கிறது.

நம்மவரை நாமே அளக்கும்போது

ஷெஃபீல்டில் யெமன் பெற்றோருக்கு 1974 இல் பிறந்த நசீம் ஹமீத் அந்தப் பழைய நிபந்தனைக் காலத்தில் பிறந்திருந்தால், பிரித்தானியப் பட்டத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. 1995 இல் கார்டிஃபில் ஸ்டீவ் ரொபின்சனை வென்று 21 வயதில் உலக சம்பியனானார். 1997 டிசம்பரில் மெடிசன் ஸ்குயார் கார்டனில் கெவின் கெலியுடன் மோதியபோது தானும் மூன்று முறை விழுந்து, அவரையும் மூன்று முறை வீழ்த்தி, நான்காவது சுற்றில் முடித்தார். 37 போட்டிகளில் 36 வெற்றி, அவற்றில் 31 நொக்-அவுட். வென்ற பின் ஒலிவாங்கியைப் பிடித்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன ஓர் இளைஞனை உலகத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்களுக்கு ஏற்பட்ட பூரிப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம்.

ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்த அளவுகோலை அவருக்கும் பிடிக்காவிட்டால் அது நீதியாகாது. 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில், தன் காலத்தின் மிகப் பெரிய எதிராளியான மெக்சிக்கோவின் மார்கோ அன்டோனியோ பரேராவிடம் 12 சுற்றுகளும் பாடம் படித்தார். அதன் பின் ஒரே ஒரு போட்டி. 28 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. லூயிஸ் தோற்றுவிட்டுத் திரும்பி வந்து கணக்குத் தீர்த்தார். வைல்டும் தீர்த்தார். நசீம் பரேராவை மறுபடி சந்திக்கவே இல்லை. அவர் நம்மவர் என்பதற்காக இதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், நம்மவர் அல்லாதவர்களைப் பார்த்துத் தராசைச் சரித்தவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

என் பட்டியல்

எனவே என் அளவுகோலைச் சொல்லிவிட்டே பெயர்களைச் சொல்கிறேன். யாரை எதிர்த்தார், எங்கே போய் எதிர்த்தார், எவ்வளவு காலம் உச்சியில் நின்றார், விழுந்தபோது என்ன செய்தார். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் ஜிமி வைல்டுக்கு. இரண்டாவது லெனொக்ஸ் லூயிஸ். மூன்றாவது பொப் ஃபிட்ஸ்சிமன்ஸ். நான்காவது டெட் 'கிட்' லூயிஸ். ஐந்தாவது கென் புகெனன். கல்சாகியும் நசீமும் முதல் பத்துக்குள் நிச்சயம் வருவார்கள். ஓர் இரவுக்கு மட்டும் தனிப் பரிசு கொடுப்பதென்றால் அது ரண்டொல்ஃப் டர்பினுக்கு. கூப்பர் வாப்பாவின் மனதில் முதலிடத்திலேயே இருக்கட்டும். அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. லென் ஜோன்சனுக்கு இலக்கம் போட முடியவில்லை. போடுவதற்கான ஆதாரத்தை உருவாக்கவே அவரை விடவில்லை. அவருக்காகப் பட்டியலில் ஓர் இடத்தை வெறுமையாக விடுகிறேன்.

பன்னிரண்டு வயதில் கனடாவுக்குப் போய், அந்நாட்டுக்காக ஒலிம்பிக் தங்கமும் வென்று, பின் பிறந்த மண்ணுக்கே திரும்பிய லூயிஸைப் பிரித்தானியராக ஏற்பதா என்று வாப்பா இன்னும் கேட்கலாம். சிறு வயதில் நியூசிலாந்துக்குப் போன ஃபிட்ஸ்சிமன்ஸை யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதே என் பதில். ஒருவருக்குக் கேட்காத கேள்வியை இன்னொருவருக்கு மட்டும் ஏன் கேட்கிறோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாக வாழும் மண்ணில் "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்ற கேள்வியைக் கேட்டுப் பழகிய சமூகம் நாம். அதே கேள்வியை நம் வீட்டு விறாந்தையில் இன்னொருவரை நோக்கி நாமே கேட்கும்போது அதன் கூர்மை நமக்குத் தெரிவதில்லை.

மருமகன் ஊருக்குத் திரும்பிவிட்டான். சென்ற கிழமை தொலைபேசியில் பேசும்போது அவன் கேள்விக்கான பதிலைச் சொன்னேன். "நசீம் பிரித்தானியர்தான், நீயும் பிரித்தானியன்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கல்சாகி முதலாவது இல்லை." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான், "முதல் பகுதி சரி மாமா. ரெண்டாவதை அடுத்த பெருநாளைக்குப் பேசுவோம்."